சிடி ஸ்கேன் நார்மல்... ஆனா தலைவலி போகலையே! கண்ணுக்குத் தெரியாத மூளைக் காயத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

2019 ஆகஸ்ட் 17, லார்ட்ஸ் மைதானம். ஆஷஸ் தொடரின் 2-வது டெஸ்ட். ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்துப் பகுதியில் பலமாகத் தாக்கியது. அப்படியே தரையில் சாய்ந்தார். வெளியே அழைத்துச் சென்று கன்கஷன் பரிசோதனை செய்தார்கள். அதில் பாஸ் ஆனார். ஒரு மணி நேரத்துக்குள் மறுபடியும் பேட்டிங் இறங்கி, 92 ரன்களில் அவுட் ஆனார்.

மறுநாள் காலை கதை மாறியது. தலைவலி, மந்தமான உணர்வு. மீண்டும் பரிசோதித்தபோது முந்தைய நாளைவிட முடிவுகள் மோசமாக இருந்தன. போட்டியிலிருந்து விலகிய ஸ்மித், அடுத்த டெஸ்ட்டிலும் ஆடவில்லை. அவருக்குப் பதிலாக இறங்கிய மார்னஸ் லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றில் முதல் கன்கஷன் சப்ஸ்டிட்யூட்.

பக்கத்திலேயே டீம் டாக்டர், அடிபட்ட விநாடியை எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்க கேமரா. இவ்வளவு இருந்தும் முதல் நாள் பிடிபடவில்லை. அப்படியென்றால், பைக்கிலிருந்து விழுந்து, கேஷுவாலிட்டியில் சிடி ஸ்கேன் எடுத்து, "எல்லாம் நார்மல், வீட்டுக்குப் போகலாம்" என்று அனுப்பப்படும் ஒருவருக்கு? அந்த 'நார்மல்' என்ற வார்த்தைக்கு உண்மையில் என்ன அர்த்தம்? பார்க்கலாம்.

லேசான மூளைக் காயம்னா என்ன?

தலையில் அடிபட்டு வருபவரை மருத்துவர்கள் முதலில் மதிப்பிடுவது 'கிளாஸ்கோ கோமா ஸ்கேல்' என்ற அளவுகோலால். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் இருவரும் 1974-ல் வெளியிட்டது. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கை காலை அசைக்கிறாரா என்ற மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவார்கள். 13 முதல் 15 வரை வந்தால் 'லேசான' மூளைக் காயம். பேச்சு வழக்கில் கன்கஷன், மூளை அதிர்வு.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கன்கஷன் என்றால் மயங்கி விழுந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. சில நிமிடம் குழம்பிப் போவது, அடிபட்டதே ஞாபகம் இல்லாமல் போவது, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது எல்லாம் அறிகுறிகள்தான். இரண்டு, 'லேசான' என்பது அந்த நேரத்தில் ஒருவர் எவ்வளவு விழிப்பாக இருக்கிறார் என்பதற்கான மதிப்பெண். எவ்வளவு சீக்கிரம் குணமாவார் என்பதை அது சொல்லாது.

மூளைக்குள்ள என்ன நடக்குது?

சுமார் 1.4 கிலோ எடையுள்ள மூளை, மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதக்கிறது. வேகமாகப் போகும் தலை திடீரென்று நின்றாலோ, சுழன்றாலோ, மண்டையோடு நின்றுவிடும். உள்ளே இருக்கும் மூளை உடனே நிற்காது. சடன் பிரேக் போட்ட பஸ்ஸில் நிற்பவர்கள் முன்னால் சரிவது மாதிரிதான்.

அந்த இழுப்பில் அதிகம் பாதிக்கப்படுவது நரம்பு செல்களின் நீண்ட இழைகளான ஆக்சான்கள். மூளையின் ஒரு பகுதியையும் இன்னொரு பகுதியையும் இணைக்கும் கேபிள்கள் இவை. இழுபடும்போது பெரும்பாலும் உடனே அறுந்துவிடாது. அவற்றின் சவ்வு வழியாக உப்பு அயனிகள் தாறுமாறாக உள்ளேயும் வெளியேயும் போகும். அதைச் சரிசெய்ய செல்களுக்கு வழக்கத்தைவிட அதிக சக்தி தேவைப்படும். ஆனால் அதே நேரத்தில் ரத்த ஓட்டம் குறையலாம். தேவை அதிகம், சப்ளை குறைவு. இந்தச் சக்திப் பற்றாக்குறை நாள்கணக்கில் நீடிக்கலாம். சில இழைகள் மெல்ல வீங்கி, மணிக்கணக்கில் அல்லது நாள்கணக்கில் கழித்துத் துண்டிக்கப்படுவதும் உண்டு.

தலைவலி, வெளிச்சம் பார்த்தால் கண் கூசுவது, கவனம் சிதறுவது, எரிச்சல், தூக்கக் கோளாறு எல்லாம் இதன் வெளிப்பாடு. சிலருக்கு அடிபட்ட உடனே தெரியாமல், மறுநாள் தெரிவதும் இதனால்தான்.

சிடி ஸ்கேன் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது?

சிடி என்பது எக்ஸ்ரேயைப் பல கோணங்களில் எடுத்து, கம்ப்யூட்டர் மூலம் குறுக்குவெட்டுப் படமாக மாற்றும் தொழில்நுட்பம். 1971 அக்டோபர் 1-ம் தேதி லண்டனில் ஒரு நோயாளியின் தலையை ஸ்கேன் செய்ததில் தொடங்கியது. அதை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு, ஆலன் கார்மாக்கோடு சேர்ந்து 1979-ல் நோபல் பரிசு பெற்றார்.

சில நிமிடங்களில் முடிந்துவிடும். புதிய ரத்தக்கசிவு படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். மண்டையோட்டு விரிசல், பெரிய வீக்கம் எல்லாம் தெரியும். அதாவது, உடனே ஆபரேஷன் தேவையா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில் சிடி கில்லாடி.

ஆனால் ஒரு ஆக்சானின் தடிமன் ஏறக்குறைய ஒரு மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிடி படத்தில் ஒரு புள்ளி என்பதே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். இழை வீங்கியிருப்பதோ, அயனிகள் தாறுமாறாக ஓடுவதோ அதில் தெரிய வாய்ப்பே இல்லை. அதனால்தான் கன்கஷன் ஏற்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு சிடி ரிப்போர்ட் 'நார்மல்' என்றே வருகிறது.

ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. 'ரத்தக்கசிவு இல்லை' என்று சொல்கிறது. நாம்தான் அதை 'காயமே இல்லை' என்று படித்துக்கொள்கிறோம்.

அப்போ சிடி எடுக்கறதே வேஸ்ட்டா?

நிச்சயமாக இல்லை. 2009 மார்ச் 16-ல் கனடாவில் பனிச்சறுக்குப் பயிற்சியின்போது கீழே விழுந்தார் பிரிட்டிஷ் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன். ஆரம்பநிலைப் பயிற்சிக்கான சரிவுதான் அது. விழுந்தவர் எழுந்து பேசினார், சிரித்தார், மருத்துவ உதவி வேண்டாம் என்றார். கொஞ்ச நேரத்தில் தலைவலி அதிகமானது. மார்ச் 18-ம் தேதி உயிரிழந்தார். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ஏற்பட்ட ரத்தக்கசிவே காரணம். இந்த மாதிரி கசிவைச் சீக்கிரமே பிடித்தால் ஆபரேஷன் மூலம் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். அதைப் பிடிப்பதுதான் சிடியின் வேலை.

அதற்காகத் தலையில் இடித்துக்கொண்ட எல்லோருக்கும் சிடி தேவையில்லை. தலை சிடி ஒன்றில் சுமார் 2 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு உடலில் சேரும். யாருக்குத் தேவை என்று முடிவு செய்ய, 2001-ல் வெளியான 'கனடியன் சிடி ஹெட் ரூல்' பல நாடுகளில் பயன்படுகிறது. அடிபட்டபின் மயக்கம், மறதி அல்லது குழப்பம் ஏற்பட்டவர்களுக்கானது இது. 2 மணி நேரம் கழித்தும் முழு நினைவுக்கு வராதது, மண்டையோட்டு முறிவுக்கான அடையாளம், இரண்டு முறையோ அதற்கு மேலோ வாந்தி, வயது 65 அல்லது அதற்கு மேல், விபத்துக்கு முந்தைய அரை மணி நேரம் ஞாபகம் இல்லாதது, வாகனம் மோதித் தூக்கி வீசப்பட்டது மாதிரி ஆபத்தான விபத்து ஆகியவற்றை மருத்துவர்கள் பார்ப்பார்கள்.

குழந்தைகளுக்குத் தனி விதிமுறை உண்டு. அமெரிக்காவில் 42,412 குழந்தைகளை ஆராய்ந்து 2009-ல் வெளியான ஆய்வு, யாருக்கு சிடி இல்லாமலே கண்காணித்தால் போதும் என்பதைப் பிரித்துக் காட்டியது. எனவே "குழந்தைக்கு ஸ்கேன் வேண்டாம், சில மணி நேரம் பார்த்துக்கலாம்" என்று டாக்டர் சொன்னால், அது அலட்சியம் என்று நினைக்கத் தேவையில்லை.

எம்ஆர்ஐ என்ன கூடுதலா காட்டும்?

எம்ஆர்ஐ காந்தப்புலத்தைப் பயன்படுத்துகிறது. கதிர்வீச்சு கிடையாது. மென்மையான திசுக்களை சிடியைவிடத் துல்லியமாகக் காட்டும். அதிலும் ரத்தத்தில் இருக்கும் இரும்பைக் குறிவைக்கும் சில வகைப் படங்கள், சிடியில் தவறிப்போகும் மிக நுண்ணிய ரத்தக்கசிவுகளைக் கரும்புள்ளிகளாகக் காட்டிவிடும். இழைகள் இழுபடும்போது, அவற்றோடு சேர்ந்து ஓடும் குட்டி ரத்தக்குழாய்களும் கிழிவதால் வரும் புள்ளிகள் இவை.

அமெரிக்காவின் 'ட்ராக்-டிபிஐ' ஆய்வு இதை எண்ணிக்கையில் சொன்னது. தலையில் அடிபட்டு, சிடி நார்மல் என்று வந்த 450 பேருக்கு சுமார் இரண்டு வாரம் கழித்து எம்ஆர்ஐ எடுத்தார்கள். 120 பேருக்கு, அதாவது 27 சதவீதம் பேருக்கு, காயத்தின் அடையாளம் தெரிந்தது. 2019-ல் வெளியான முடிவு இது. நாலில் ஒருவருக்கு மேல்!

இதே ஆய்வுக் குழு 2013-ல் வெளியிட்ட கட்டுரை இன்னொன்றையும் சொன்னது. எம்ஆர்ஐயில் தெரியும் சில வகைக் காயங்கள், 3 மாதம் கழித்து அந்த நபர் எப்படி இருப்பார் என்பதைக் கணிக்க உதவுகின்றன.

அப்படியானால் எல்லோருக்கும் எம்ஆர்ஐ எடுத்துவிடலாமே? எளிதல்ல. நேரம் அதிகம், செலவு அதிகம், உடலில் சில உலோகக் கருவிகள் இருந்தால் எடுக்கவே முடியாது. முக்கியமாக, மீதி 73 சதவீதம் பேருக்கு எம்ஆர்ஐயும் சுத்தமாகவே இருந்தது. அறிகுறிகள் நீடித்தாலோ, சிடி முடிவுக்கும் நோயாளியின் நிலைக்கும் பொருந்தாமல் போனாலோதான் மருத்துவர்கள் பொதுவாக எம்ஆர்ஐயைப் பரிந்துரைக்கிறார்கள்.

தண்ணீரை வைத்து நரம்பைப் பார்க்கும் டிடிஐ

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டால் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். அதே சொட்டை விளக்குத் திரியில் விட்டால், திரியின் நீளவாக்கில்தான் ஓடும். மூளை இழைகளுக்குள் இருக்கும் தண்ணீரும் அப்படித்தான். ஆரோக்கியமான இழைக் கட்டில் தண்ணீர் நீளவாக்கில் ஓடும்; குறுக்கே போவது கஷ்டம். இழையின் அமைப்பு குலைந்தால் இந்த ஒழுங்கும் குலையும்.

எம்ஆர்ஐ இயந்திரத்திலேயே தண்ணீரின் இந்த நகர்வை அளக்கும் முறைதான் 'டிஃப்யூஷன் டென்சார் இமேஜிங்', சுருக்கமாக டிடிஐ. 1994-ல் பீட்டர் பாஸர் குழுவினர் அறிமுகப்படுத்தினார்கள். ஒற்றை இழையைப் பார்க்க முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்த கட்டின் நிலையைக் கணக்கிட்டுச் சொல்லும். சாதாரண எம்ஆர்ஐயில் ஒன்றும் தெரியாதவர்களிடமும் டிடிஐயில் மாற்றங்கள் தெரிந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

சரி, அப்போ ஏன் எல்லா ஆஸ்பத்திரியிலும் இதைச் செய்யறதில்லை? காரணம் இருக்கிறது. அடிபட்ட 50 பேரின் சராசரியையும் அடிபடாத 50 பேரின் சராசரியையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் ஒரே ஒரு நபரின் ஸ்கேனை வைத்து 'இவருக்குக் காயம்' என்று அடித்துச் சொல்வது கஷ்டம். வயது, பழைய தலைவலிப் பிரச்னை, இயந்திரத்தின் வகை எல்லாம் அளவை மாற்றும். அடிபட்ட சில நாட்களில் எடுத்தால் ஒரு மாதிரி, சில மாதங்கள் கழித்து எடுத்தால் வேறு மாதிரி. அடிபடுவதற்கு முன் எடுத்த ஸ்கேன் யாரிடமும் இருக்காது, ஒப்பிட்டுப் பார்க்க. அதனால்தான் டிடிஐ இப்போதைக்கு ஆராய்ச்சிக் கருவியாகவே அதிகம் பயன்படுகிறது. தனிநபருக்கான வழக்கமான பரிசோதனையாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

ரத்தப் பரிசோதனையில் தெரிஞ்சிடுமா?

மூளை செல்கள் காயப்படும்போது சில புரதங்கள் ரத்தத்தில் கசியும். அதில் இரண்டு முக்கியமானவை. ஜிஎஃப்ஏபி, நரம்பு செல்களைத் தாங்கும் துணை செல்களிலிருந்து வருவது. யூசிஎச்-எல்1, நரம்பு செல்களிலிருந்தே வருவது.

இந்த இரண்டையும் அளக்கும் பரிசோதனைக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2018 பிப்ரவரியில் முதன்முதலாக அனுமதி கொடுத்தது. 1,947 பேரிடம் சோதித்ததில், சிடியில் காயம் இருக்காது என்பதை 99.6 சதவீதம் சரியாகக் கணித்தது. 2024 ஏப்ரலில் இன்னொரு படி: லேப்புக்கு அனுப்பாமல், நோயாளியின் பக்கத்திலேயே கையடக்கக் கருவியில் சுமார் 15 நிமிடங்களில் முடிவு சொல்லும் அபாட் நிறுவனத்தின் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அடிபட்ட 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும்.

ஆனால் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. 'கன்கஷனைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை' என்று சோஷியல் மீடியாவில் ஓடினாலும், அனுமதி கிடைத்தது அதற்கல்ல. 'இவருக்கு சிடி தேவையா, இல்லையா' என்ற முடிவுக்கு உதவத்தான். இது நெகட்டிவ் என்றால் ஸ்கேனைத் தவிர்க்கலாம். கன்கஷன் இல்லை என்று அர்த்தமில்லை.

இருந்தாலும் நம்பிக்கை தரும் தகவல் ஒன்று உண்டு. மேலே சொன்ன 450 பேரில், எம்ஆர்ஐயில் காயம் தெரிந்தவர்களுக்கு ஜிஎஃப்ஏபி அளவு மற்றவர்களைவிட மிக அதிகமாக இருந்தது. சிடி நார்மல் என்று வந்தவர்களில் யாரை எம்ஆர்ஐக்கு அனுப்பலாம் என்பதைப் பிரித்தெடுக்க இது எதிர்காலத்தில் உதவலாம்.

இந்தியாவில் நிலைமை என்ன?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள். உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். இதில் சுமார் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே ஆண்டு, மாநிலங்களில் அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்: 64,105. கன்கஷன் என்பது விளையாட்டு வீரர்களின் பிரச்னை மட்டுமில்லை என்பதற்கு இதுவே போதும்.

சிடி வசதி இல்லாத இடங்களுக்காக 'செரிபோ' என்ற கையடக்கக் கருவி இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டுள்ளது. ஐசிஎம்ஆர், போபால் எய்ம்ஸ், பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவற்றின் பங்களிப்போடு பயோஸ்கேன் ரிசர்ச் நிறுவனம் உருவாக்கியது. அகச்சிவப்புக்கு நெருக்கமான ஒளியைத் தலையில் செலுத்தி, உள்ளே ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும். ஆம்புலன்ஸிலேயே, கிராமப்புற மருத்துவமனையிலேயே முதல்கட்டமாகச் சலித்தெடுக்க இது உதவும். இதுவும் தேடுவது ரத்தக்கசிவைத்தான். இழைகளின் காயத்தை அல்ல.

'நார்மல்' ரிப்போர்ட்டோட வீட்டுக்கு வந்தா என்ன செய்யணும்?

முதல் 24 மணி நேரம் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். கீழே உள்ளதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள்:

• தலைவலி குறையாமல் கூடிக்கொண்டே போவது
• திரும்பத் திரும்ப வாந்தி
• வலிப்பு
• எழுப்பினாலும் சரியாக எழாமல் இருப்பது
• பேச்சு குளறுவது, ஆட்களை அடையாளம் தெரியாமல் போவது
• கை அல்லது கால் பலவீனமாவது, மரத்துப் போவது
• ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக இருப்பது
• மூக்கு, காது வழியாக ரத்தமோ, தண்ணீர் மாதிரியோ வடிவது

"தலையில அடிபட்டவங்களைத் தூங்கவே விடக்கூடாது" என்று சொல்வதைக் கேட்டிருப்போம். மருத்துவர் பரிசோதித்து அனுப்பிய பிறகு, ஆபத்தான அறிகுறிகள் இல்லையென்றால் தூங்கலாம். தூக்கம் மூளைக்குத் தேவை.

இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பதும் பழைய கதை. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த சர்வதேசக் கருத்தரங்கின் பரிந்துரைப்படி, முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு, செல்போன் திரையைப் பார்ப்பதைக் குறைப்பது, பிறகு நடைப்பயிற்சி மாதிரி லேசான வேலைகளைத் தொடங்குவது நல்லது. அறிகுறிகள் கூடினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

விளையாட்டில் அடிபட்டால் அன்றைக்கே திரும்ப இறங்கக் கூடாது. மூளை இன்னும் சக்திப் பற்றாக்குறையில் இருக்கும்போது இரண்டாவது அடி விழுந்தால் குணமாவது மிகவும் தாமதமாகும். அரிதாக, குறிப்பாக இளம் வயதினருக்கு, மூளை வேகமாக வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பைக் ஓட்டுவதையும் மருத்துவர் சொல்லும் வரை தள்ளிப்போடுவது நல்லது. தலைசுற்றலும் மெதுவான ரியாக்‌ஷனும் சேர்ந்தால் அடுத்த விபத்துக்கு அதுவே காரணமாகிவிடும்.

தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இணைந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். செலவுக்குப் பயந்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளத் தேவையில்லை.

தாத்தா, பாட்டி வீட்டில் இருக்காங்களா?

வயதானவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. பாத்ரூமில் லேசாக வழுக்கி விழுந்திருப்பார்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று, நான்கு வாரம் கழித்து நடை தள்ளாடும், ஞாபகம் தவறும், தூங்கிக்கொண்டே இருப்பார்கள். "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுவோம். மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே மெல்ல மெல்ல ரத்தம் சேர்வதுதான் காரணமாக இருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். இது சிடியிலேயே தெரியும், சிகிச்சையும் உண்டு. சமீபத்தில் விழுந்தார்களா என்பதை டாக்டரிடம் சொல்ல மறக்கக் கூடாது.

'மைல்டு' என்ற வார்த்தை இனி இருக்குமா?

ட்ராக்-டிபிஐ ஆய்வில், லேசான மூளைக் காயம் என்று சொல்லப்பட்டவர்களில் 53 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் அன்றாட வாழ்க்கையில் ஏதோ ஒரு சிரமம் இருப்பதாகச் சொன்னார்கள். தலையில் அடிபடாமல் கை, கால் எலும்பு போன்றவற்றில் காயம்பட்டவர்களில் இது 38 சதவீதம். பெரிய மருத்துவமனைகளுக்கு வந்து சிடி எடுக்கும் அளவுக்கு அடிபட்டவர்களின் கணக்கு இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் காரணங்களால், வெறும் கோமா ஸ்கேல் மதிப்பெண்ணை மட்டும் வைத்து 'லேசானது, நடுத்தரமானது, கடுமையானது' என்று பிரிக்கும் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று சர்வதேச நிபுணர் குழு 2025-ல் பரிந்துரைத்தது. அறிகுறிகள், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், நோயாளியின் பின்னணி ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது இந்தப் புதிய முறை.

அது எல்லா மருத்துவமனைக்கும் வந்து சேர இன்னும் காலம் ஆகும். அதுவரை கன்கஷனைக் கண்டுபிடிக்கும் முக்கியமான வழி, அடிபட்டவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுதான். அடிபட்டு இரண்டு வாரமாகியும் ஒருவர் "படிக்க முடியல, சத்தம் தாங்கல, தலை பாரமாவே இருக்கு" என்றால், "ஸ்கேன்தான் நார்மலாச்சே, சாக்கு சொல்றியா?" என்று வீட்டிலோ ஆபீஸிலோ கேட்காதீர்கள். பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, எந்தெந்த அறிகுறி எப்போதிலிருந்து இருக்கிறது என்று ஒரு பேப்பரில் எழுதி, நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.